ஓரத்தில் பென்சிலால்

அண்ணாச்சி, பாத்து. அந்த ரெக்சின் பை மேல உட்காந்துடாதீங்க, உள்ள படிக்கல் இருக்கு. ரெண்டு கிலோ இரும்புக் கல்லு. கடைத் தராசுல போடுவாங்களே, அதேதான். எடுத்து மடியில வெச்சுக்கறேன். இப்ப உட்காருங்க, நல்லா சாஞ்சு உட்காருங்க.

முன் சீட்டுல அம்மாகூட உட்காந்திருக்கறது உங்க பொண்ணுதானே? ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிச்சு அழைச்சுட்டுப் போறீங்க, சரியா? எந்த ஊருக்கு? செம்பாறைக்கா! அட, அப்ப நீங்க நமக்கு வேண்டப்பட்டவங்க. சொந்தமெல்லாம் இல்ல. உங்க ஊர்ல நான் ஒரு ராத்திரி தங்கினதுகூட இல்ல. ஆனா முப்பது வருஷத்துக்கு முந்தி நாலு வருஷம், செம்பாறையில பொறந்த தலைச்சன் புள்ளைங்க அத்தனை பேரோட எடையும் எனக்குத் தெரியும். ஒண்ணு விடாம.

என்ன வேலையா? அதைச் சொன்னா யாருக்கும் புரியறதில்ல. உயிர்ப்புள்ளியியல். பாத்தீங்களா, உங்க முகமும் சுருங்குது. காத்து, தண்ணி, புகை, தூசு, இதுனால மனுஷனுக்கு என்ன ஆகுதுன்னு எண்ணிச் சொல்லுற வேலை. சிமெண்டுத் தூசுல எத்தனை பேருக்கு இருமல், எந்த ஊர்த் தண்ணியில பல்லு காவி ஏறுது, இப்படி முப்பத்தோரு வருஷம் எண்ணியிருக்கேன். டாக்டருங்க என்னைக் கணக்கப்பிள்ளைம்பாங்க. கணக்குப் படிச்சவங்க என்னைக் கம்பவுண்டர்ம்பாங்க. ஊர்ப் பக்கம் 'கணக்கு சார்'. வைகுண்டம்னு அப்பா அம்மா வெச்ச பேரை ஒருத்தன் சொன்னதில்ல.

இன்னிக்கு எங்க போறேன் தெரியுமா? கோர்ட்டுக்கு. மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ரிட்டையர் ஆகி நாலு வருஷமா வீட்டுல சிவனேன்னு கெடந்தவனக் கூண்டுல ஏத்துறாங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அளவே இல்ல அண்ணாச்சி. கல்லோடை சாயக் கம்பெனி தெரியும்ல? உங்க ஊர்லேர்ந்து அம்பது கிலோமீட்டர் இருக்கும். அவங்க ரெண்டாவது யூனிட் கட்டப் போறாங்க. கல்லோடைப் பொம்பளைங்க கூடாதுன்னு கேசு போட்டிருக்காங்க, தண்ணி கெட்டுப் போச்சு, வயித்துல இருக்கற புள்ளை வளர மாட்டேங்குதுன்னு. கம்பெனி வக்கீல் என்னோட பழைய அறிக்கையத் தூக்கிக் காட்டுறாரு, 'புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு அரசாங்கமே எண்ணிச் சொல்லியிருக்கு'ன்னு. அந்தப் பக்கம் நிலோஃபர்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். நான் உட்காந்த அதே ஆபீஸ்ல, நான் உட்காந்த அதே நாற்காலியில உட்காந்துக்கிட்டு, 'அந்த அறிக்கை தப்பு'ங்கறா. நான் இன்னிக்குப் போயி சரியா தப்பான்னு என் வாயால சொல்லணும். சரின்னு சொன்னா யூனிட் வந்துடும்.

சரின்னுதான் சொல்லப் போறேன். வேற என்ன சொல்லுவாங்க?

நீங்களே கேளுங்க, கேட்டுட்டு நியாயத்தச் சொல்லுங்க. எப்படி வேலை பாத்தேன் தெரியுமா? கம்பெனி ஓடைக்கரையில கல்லோடையும் சுத்தி அஞ்சு ஊரும். இந்தப் பக்கம், சாயத் தண்ணி எட்டாத ஊருன்னு செம்பாறையும் சுத்தி அஞ்சு ஊரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சனங்க, ஒரே சோறு, ஒரே கூலி வேலை. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற ஊருங்க. வித்தியாசம்னா தண்ணி மட்டுந்தான். அப்ப ரெண்டு பக்கமும் பொறக்கற புள்ளைய எடை போட்டா, தண்ணி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சு போகும். சின்னப் புள்ளைக்கும் புரியும்ல?

அதுலயும் தலைச்சன் புள்ளைய மட்டும் எடுத்தேன். ஏன்னா மொதப் புள்ளைக்கு ஒரு எடை, ரெண்டாவதுக்கு ஒரு எடை இருக்கும். ரெண்டையும் கலந்தா கணக்கு குழம்பிடும். தலைச்சன் மட்டும்னா சுத்தமான கணக்கு. அந்த யோசனைக்காக என்னை மெட்ராஸ்ல மேடையேத்திப் பாராட்டுனாங்க.

தராசு எல்லாம் புதுசு. துணியில புள்ளையப் போட்டுத் தொங்க விடுற தராசு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நானே பஸ் ஏறி ஊர் ஊராப் போயி, இந்தக் கல்லத் தொங்க விட்டு, ரெண்டு கிலோ சரியாக் காட்டுதான்னு பாப்பேன். பத்து கிராம் பிசகினாலும் தராச மாத்திடுவேன். எடை எழுதுற படிவம் யாரு தயார் பண்ணது? நான். அருமையான படிவம். பதினாலு கட்டம். புள்ளை பொறந்த தேதி, பொறந்த ஊரு, ஆணா பொண்ணா, எடை, அம்மா வயசு, ரத்தசோகை உண்டா... அதுல இல்லாத விஷயமே கிடையாது. நர்சுங்களுக்கு ஆர்டரும் போட்டிருந்தேன்: கட்டத்துல கேட்டத மட்டும் எழுதணும், சொந்த சரக்கு ஒரு எழுத்து சேக்கக் கூடாதுன்னு.

ஆயிரத்து நூத்தி நாப்பது புள்ளைங்க. கடைசியில என்ன வந்துச்சு? கல்லோடைப் பக்கம் பொறந்த புள்ளை சராசரி ரெண்டு கிலோ தொள்ளாயிரம். செம்பாறைப் பக்கம் ரெண்டு கிலோ ஐந்நூத்தி அம்பது. சாயத் தண்ணி ஓடுற ஊர்ல புள்ளை கொழுகொழுன்னு பொறக்குது! நான் என்ன செய்ய? வந்தத எழுதினேன். 'பாதிப்பு இல்லை'ன்னு எழுதினேன். அப்பவும் கம்பெனி மேல ஒரு கேசு இருந்துச்சு; மூணு வருஷம் நடந்தது முக்கால் மணி நேரத்துல தள்ளுபடி. அடுத்த வருஷம் கம்பெனி காலண்டர்ல ஒரு குண்டுக் கொழந்தை படம் போட்டு, கீழ என் கணக்குல வந்த ரெண்டு கிலோ தொள்ளாயிரத்த அச்சடிச்சாங்க. அது அவங்க பண்ண கூத்து, அதுக்கு நான் பொறுப்பில்ல. எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு. வந்தா வேண்டாம்னா சொல்லுவாங்க?

இப்ப இந்த நிலோஃபர் என்ன சொல்லுறாங்கறீங்க? 'சார், மொதப் பிரசவத்துக்குப் பொண்ணுங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்களே, நீங்க அத யோசிக்கலியா?'ன்னு கேக்கறா. கல்லோடைக்கு வாக்கப்பட்ட பொண்ணு ஏழு மாசம் அங்க தண்ணி குடிக்கறா, வளைகாப்பு ஆனதும் செம்பாறைக்கு வந்து பெத்துக்கறா. புள்ளை செம்பாறைக் கணக்குல ஏறிடுது. கல்லோடையில பொறந்து செம்பாறைக்கு வாக்கப்பட்டவ, ஏழு மாசம் உங்க ஊரு நல்ல தண்ணி குடிச்சுட்டு, கல்லோடை அம்மா வீட்டுக்குப் போயி குண்டாப் பெத்துக்கறா. அந்தப் புள்ளை கல்லோடைக் கணக்குல ஏறிடுது. அப்ப ஆட்டக் கொண்டுபோயி மாட்டுக் கொட்டில்லயும், மாட்டக் கொண்டுபோயி ஆட்டுப் பட்டியிலயும் கட்டி வெச்சு எண்ணியிருக்கீங்க சார்ங்கறா. தலைச்சன மட்டும் எடுத்ததாலதான் மொத்தமும் புரண்டு போச்சாம். ரெண்டாவது பிரசவத்துக்கு அவ்வளவா யாரும் அம்மா வீட்டுக்குப் போறதில்லையாம். பொறந்த ஊருக்குப் பதிலா வாக்கப்பட்ட ஊரைப் போட்டு அவ எண்ணிப் பாத்தா, கல்லோடைத் தண்ணி குடிச்சவ புள்ளை நானூறு கிராம் கம்மி.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. உங்களுக்கென்ன, கேக்க வேடிக்கையாத்தான் இருக்கும். 'இது ஊருக்கே தெரியுமே'ங்கறீங்க. ஊருக்குத் தெரியும்! ஊருக்குத் தெரிஞ்சது படிவத்துல இல்லையே? படிவத்துல இல்லாதத நான் எப்படி எண்ணுவேன்? கட்டமே இல்லாத விஷயத்துக்கு என்னைக் குத்தம் சொன்னா எப்படி?

சரி, ஊரு பேரை மாத்திப் போட்டான்னேனே, எந்தப் பொண்ணு எந்த ஊருக்கு வாக்கப்பட்டவன்னு அவளுக்கு யாரு சொன்னா? முப்பது வருஷம் கழிச்சு யாரு சொல்ல முடியும்? இங்கதான் எனக்கு உச்சந்தலையில ஏறுது. ஞானசௌந்தரின்னு ஒரு நர்சு. தெரியுமா? உங்க ஊர் நர்சம்மாவா? ஓ, இன்னும் செம்பாறையிலேயேதான் இருக்காளா. இருப்பா, இருப்பா. அவள உங்க ஊருக்கு அனுப்பி வெச்சதே நான்தான்.

மொத வருஷம் அவ கல்லோடையில இருந்தா. நானும் அங்கதான் குடியிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ். ஒரு திங்கக்கிழமை நான் கல்லத் தொங்க விட்டுப் பாத்துட்டிருக்கேன், இவ வந்து நிக்கறா. 'சார், நான் இங்க எடை போடுறதெல்லாம் இந்த ஊர்ப் புள்ளைங்க இல்ல சார். இந்த ஊரு மருமகளுங்க எல்லாம் அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க புள்ளைங்கதான் சார் நோஞ்சானாப் பொறக்குதாம்.' எடுத்த எடுப்புல இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? நான் கேட்டேன், 'எத்தனை பேரு?'ன்னு. 'நாலு பேரு எனக்குத் தெரிஞ்சு'ங்கறா. நாலு பேரு! ஒண்ணு ரெண்டு கதைய வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, அதுக்குப் பேரு வம்பு, ஆராய்ச்சி இல்லன்னு சொன்னேன். அப்ப அவ என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டா. என் வீட்டு விஷயம். ஒரு நர்சு, மேலதிகாரிகிட்ட, நாலு பேரு நிக்கறப்ப கேக்கற கேள்வியா அது? என்ன கேட்டாங்கறது இப்ப எதுக்கு. விடுங்க.

அடுத்த வாரம் எழுதிப் போட்டேன், 'களப்பணியாளருக்குப் பயிற்சி போதாது, இடமாற்றம் நலம்'னு. செம்பாறைக்கு மாத்துனாங்க.

அங்க போயி என்ன பண்ணியிருக்கா தெரியுமா? நான் குடுத்த படிவத்துல கட்டம் கட்டமா ஒழுங்கா எழுதி அனுப்பியிருக்கா. ஆனா தன் கையில ஒரு நோட்டு. அதுல ஒவ்வொரு புள்ளைக்கு நேராவும், ஓரத்துல, பென்சிலால, பொண்ணு வாக்கப்பட்ட ஊரு. கல்லோடை. கல்லோடை. கல்லோடை. மத்த ஊர் நர்சுங்ககிட்டயும் சொல்லி எழுத வெச்சிருக்கா. மூணு வருஷம்! கட்டத்துல கேட்டத மட்டும் எழுதுன்னு ஆர்டர் போட்டவன் நான், என் ஆர்டரை மீறி எழுதியிருக்கா. ரிட்டையர் ஆனப்பகூட அத எடைக்குப் போடாம வெச்சிருந்து, நிலோஃபர் வந்து கேட்டதும் தூக்கிக் குடுத்திருக்கா. இது அடுக்குமா? அப்பவே என்கிட்டக் காட்டியிருக்கலாம்ல? ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல? கொண்டுவந்து காட்டியிருந்தா நான் என்ன, பாக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

...சொல்லியிருப்பேன்தான். அது வேற.

தண்ணி இருக்கா அண்ணாச்சி? குடுங்க. கத்திப் பேசிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பாக்கறான் பாருங்க.

என் வீட்டுல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சான்னா, அதுவும் இல்ல. அந்த வருஷந்தான் என் சம்சாரம் கோமதி மொதப் புள்ளை உண்டாயிருந்தா. அம்பாசமுத்திரம் அவ அம்மா வீடு. ஏழாம் மாசம் வந்து அழைச்சுட்டுப் போனாங்க. நல்ல தாமிரபரணித் தண்ணி, வீட்டுல மாடு, பால், நெய், என்ன கொறைச்சல்? ஆனா என் மாமியா இருக்காங்களே, பத்தியம் பத்தியம்னு அவளப் பட்டினி போட்டே வதைச்சுட்டாங்க. பையன் பொறந்தான். நான் தகவல் கேட்டதும் ரயில் ஏறினேன், தராசையும் இந்தக் கல்லையும் எடுத்துக்கிட்டு. எல்லாரும் கொழந்தைக்குச் சட்டை வாங்கிட்டுப் போவாங்க, நான் தராசு கொண்டுபோனேன். கல்லப் போட்டுப் பாத்தேன், சரியா ரெண்டு கிலோ. அப்புறம் அவனப் போட்டேன். ரெண்டு கிலோ நூறு.

பத்தொம்பது நாள் இருந்தான்.

மாமியாவ வாசல்ல வெச்சு, தெருவே கேக்கற மாதிரி கேட்டேன். என் புள்ளைய நீங்கதான் கொன்னீங்கன்னு. முப்பது வருஷமா அந்த வாசப்படிய நான் மிதிக்கல, கோமதியையும் போக விடல. அந்தம்மா செத்ததுக்கும் போகல. எங்களுக்கு அப்புறம் புள்ளை இல்ல. கோமதி என்கூட இருக்கா, சோறு போடுறா, அவ்வளவுதான். புள்ளை போன மறுவாரம் ஞானசௌந்தரி வந்தா, அவள மாத்தச் சொல்லி நான் எழுதிப் போட்டதுல மைகூடக் காஞ்சிருக்காது. கோமதி கையப் புடிச்சுக்கிட்டு அரை நாள் உட்காந்திருந்தா. என்னைப் பாத்து ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நாலு திட்டுத் திட்டி மனசு ஆறியிருப்பேன்.

போகட்டும். உங்க பொண்ணுக்கு அந்தக் கவலையெல்லாம் வேண்டாம். செம்பாறைத் தண்ணி நல்ல தண்ணி, நானே பரிசோதிச்சிருக்கேன். புள்ளை மூணு கிலோ பொறக்கும், எழுதி வெச்சுக்கோங்க.

என்னது?

பொண்ண எங்க குடுத்திருக்கீங்க? கல்லோடையிலயா?

அப்ப ஏறுனப்பவே சொல்லியிருக்கக் கூடாதா! இத்தனை நேரம் நான் பேசறதக் கேட்டுட்டுச் சும்மா உட்காந்திருக்கீங்க? நான்தான் எந்த ஊருன்னு கேட்டேன்ல? கேட்டேனே! ...எந்த ஊருக்குப் போறீங்கன்னு கேட்டேன். ஆமா. எங்கேர்ந்துன்னு கேக்கல. நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னீங்க. உங்க மேல தப்பில்ல.

எத்தனை மாசம் அங்க இருந்துச்சு பொண்ணு? ஏழு முடிஞ்சு எட்டா. என்ன தண்ணி? இன்னும் அந்த அடிபம்புதானா? கம்பெனி லாரியில ஊத்துறாங்களாம்ல... வாரத்துக்கு ரெண்டு நாளா. மத்த நாளு பம்பு. ம்.

என்னம்மா? திரும்பி உட்காராத, வயிறு அமுங்கும். அப்படியே கேளு, எனக்குக் கேக்கும். என்ன கேட்ட?

இன்னொரு தடவை சொல்லு.

அண்ணாச்சி, உங்க பொண்ணு கேக்கறதக் கேட்டீங்களா? 'உங்க வீட்டம்மா எங்கேர்ந்து சார் பிரசவத்துக்குப் போனாங்க?'ங்குது. இதே கேள்வி. வார்த்தைகூட மாறல. நான் சொல்லாம விட்டேனே, அந்தத் திங்கக்கிழமை ஞானசௌந்தரி கேட்டது இதான். நாலு பேரு முன்னாடி. நான் கையில இந்தக் கல்ல வெச்சுக்கிட்டு நின்னேன். 'உன் வேலையப் பாரு'ன்னு சொன்னேன்.

திட்டாதீங்க பொண்ண. அது கேட்டதுல என்ன தப்பு.

குவார்ட்டர்ஸ்லேர்ந்துதாம்மா போனா. கல்லோடையிலேர்ந்து. ஏழு மாசம் அந்த அடிபம்புத் தண்ணிதான். நானே குடம் குடமா அடிச்சுக் குடுத்தேன், உண்டானவ குனியக் கூடாதுன்னு. லேசா ஒரு வாடை வரும். கோமதி சொன்னா. பழகிடும்னு சொன்னேன்.

ஒரு புள்ளைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அது விதி. ஒண்ணை வெச்சு எதையும் சொல்லக் கூடாது. முப்பத்தோரு வருஷம் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். அவன் எதுனால போனான்னு யாராலயும் சொல்ல முடியாது, நிலோஃபராலயும் முடியாது. அப்ப நான் மட்டும் எப்படிச் சொன்னேன்? தெருவக் கூட்டி வெச்சு ஒரு கெழவியக் கொலைகாரின்னு சொன்னேனே, எந்த ஆயிரத்து நூத்தி நாப்பத வெச்சு சொன்னேன்?

இந்தக் கல்லக் கொஞ்சம் கையில புடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. புடிங்க, பயப்படாதீங்க. கனக்குதா? கனக்கல, இல்ல? ரெண்டு கிலோ ஒண்ணும் பெரிய கனம் இல்ல. இதுக்கு மேல நூறு கிராம். அவ்வளவுதான் இருந்தான்.

செம்பாறை வந்துடுச்சா? அதுக்குள்ளயா? பாத்து இறங்கச் சொல்லுங்க, படி உசரம். ஏம்மா, இத வாங்கிக்க, உங்க அப்பாகிட்டக் குடு, நீ தூக்காத. புள்ளை பொறந்ததும் தராசுல மொதல்ல இதப் போட்டுப் பாக்கச் சொல்லு. அப்புறம் புள்ளையப் போடட்டும். இப்ப இருக்கற நர்சு செம்பாறைன்னு எழுதினா விடாத. கல்லோடைன்னு பக்கத்துல எழுதச் சொல்லு. கட்டம் இல்லன்னு சொல்லுவாங்க. சண்டை போடு.

ஏ கண்டக்டர், இருப்பா, விசில் அடிக்காத! நானும் இறங்கணும். கோர்ட்டு வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தா உனக்கென்ன? மூணு மணிக்குத்தானே கோர்ட்டு, அடுத்த பஸ்ல வர்றேன். வந்து சொல்ல வேண்டியதச் சொல்றேன், எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றேன், அன்னிக்கு அம்பாசமுத்திரத்துல எவ்வளவு சத்தமா சொன்னேனோ அவ்வளவு சத்தமா. அதுக்கு முன்னாடி இங்க ஒரு வேலை இருக்கு.

அண்ணாச்சி, ஞானசௌந்தரி வீடு எந்தத் தெரு? அந்த நோட்டுல ஒரு புள்ளை விட்டுப் போச்சு. பொறந்தது அம்பாசமுத்திரம், ஆண், ரெண்டு கிலோ நூறு. ஓரத்துல கல்லோடைன்னு எழுதணும். பென்சில் அவகிட்ட இருக்கும்.